டிராக்கை இனி இறுக்காதே, கண்ணு

ஆவடி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் டி-72 மாதிரி டாங்கி ஓடுவதை எடுத்து நீ அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. நேராக ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை; நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் இடது டிராக், சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்தச் சங்கிலிப் பட்டை, கழன்று விழுகிறது. இதைக் கவனித்துச் சொன்னாயே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

டி-72இல் டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பின்னால், டிராக்கைத் தாங்கித் திருப்பிவிடும் சக்கரமான ஐட்லர் முன்னால். டாங்கி முன்னே போகும்போது ஸ்ப்ராக்கெட் தரையில் கிடக்கும் பகுதியை இழுக்கிறது. தொய்வு மேலே, டிராக்கைத் தாங்கும் சிறு உருளைகளான ரோலர்களின் மீது போய் அமைதியாகப் படுத்துக்கொள்ளும். நீ இடப்பக்கம் சுழற்றும்போது இடது டிராக் பின்னோக்கி ஓடுகிறது. அப்போது இழுப்பு மேலே போய்விடும். தொய்வு கீழே, கடைசிச் சக்கரத்துக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் சேரும். தரையும் பக்கவாட்டில் தள்ளும். கொஞ்சம் கோணலாக வரும் கண்ணி பல்லின் மேல் ஏறிவிட அது போதும். கோணல் முன்பே இருக்கிறது. சுழற்றும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

கழன்றபோதெல்லாம் நீ இறுக்கியிருக்கிறாய், ஒரு கண்ணியைக்கூடக் குறைத்துவிட்டாய். எனக்கு அதுதான் வருத்தம். மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார். இடது ஐட்லரின் முன்விளிம்பு வெளியே திரும்பியிருக்கிறது, பின்விளிம்பு டாங்கியின் உடலோடு ஒட்டியிருக்கிறது. அதன் அச்சுக்கு உள்பக்கம் மட்டும்தான் பிடிமானம். டிராக் பின்னால் இழுக்க இழுக்க, ஐட்லரைத் தாங்கும் பிளாஸ்டிக் கை வளைகிறது. நீ இறுக்கிய ஒவ்வொரு முறையும் கோணல் கூடியிருக்கிறது. நாங்கள் இங்கே டி-72இன் இந்திய வடிவமான அஜேயாவுக்கு டிராக்கின் டென்ஷன் வைத்தபோது ஐட்லரைத் தாங்கியது கிராங்க் என்னும் எஃகுக் கை, அதை நகர்த்தியது வார்ம் கியர் என்னும் திருகுப் பல்லிணை. அதன் டிராக் 580 மில்லிமீட்டர் அகலம். உன் பதினாறில் ஒரு பங்கு மாதிரியில் அது 36 மில்லிமீட்டர்தான் வரும். அந்தச் சிறிய பிளாஸ்டிக்கிடம் எஃகின் பலத்தைக் கேட்கக் கூடாது.

இரண்டு டிராக்கையும் கழற்றிவிட்டு, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி தடித்த புத்தகங்களின் மேல் வை. ஸ்ப்ராக்கெட்டின் விளிம்பருகே ஒரு பென்சில் முனையை அசையாமல் பிடித்து மெதுவாகச் சுழற்று. இடைவெளி கூடிக் குறைந்தால் ஆட்டம் இருக்கிறது. திருகையும் வாஷரையும் பார். ஸ்ப்ராக்கெட்டின் உள்வளையப் பல்லும் வெளிவளையப் பல்லும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்றும் பார். அரைப் பல் தள்ளியிருந்தாலே கண்ணி சாய்ந்துதான் ஏறும்.

பிறகு நூல் பிடி. டிராக்கின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு ஓடுகிற பள்ளத்தின் நடுவே, ஐட்லரிலிருந்து ஸ்ப்ராக்கெட் வரை. ஆறு சக்கரங்களின் பள்ளமும் அந்த நூலுக்குக் கீழே ஒரே கோட்டில் வரவேண்டும். உன் சைக்கிள் செயின் ஓயாமல் கழன்ற அந்த வருடம் நினைவிருக்கிறதா? பின்சக்கரத்துக்கு நூல் பிடித்தபோது மறுமுனையை மூச்சுகூட விடாமல் நீ பிடித்துக்கொண்டு நின்றாய். அப்போது உனக்கு எட்டு வயது. இப்போது மறுமுனையைப் பிடிக்க நான் அங்கே இல்லை. செலோ டேப்பால் ஒட்டிக்கொள்.

ஐட்லர் கை உடலோடு சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து நிமிர்த்து. வளைந்தே போயிருந்தால் தயங்காமல் பேரிங் வைத்த உலோகக் கை மாற்றிவிடு. பணம் பார்க்காதே.

கழற்றிய கண்ணியைத் திரும்பக் கோத்துவிடு. இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும். ரோலர்களுக்கு நடுவில் டிராக் லேசாகத் தொய்ந்து கிடக்கட்டும். வீணைத் தந்தி போல விறைத்து நின்றால் மோட்டார்தான் சூடாகும். முதலில் வழவழப்பான தரையில் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டு, பிறகு சுழற்று. அதில் தேறினால் புல்தரைக்குக் கொண்டு போ.

கடையில் எத்தனையோ டாங்கிகள் இருக்க, அப்பா வேலை பார்த்த வண்டி என்று சொல்லி இதை வாங்கினாயே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, பாப்பா.

நூல் பிடித்த பிறகு மேலிருந்து ஒரு படம், பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. கொம்புகளில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது தெரியும்படி, வெளிச்சத்தில் எடு.

அன்புடன்,
அப்பா