கடிதங்களையும் குரல்களையும் காப்பாற்ற உதவுங்கள்

வணக்கம். பணம் கேட்கத்தான் எழுதுகிறோம், ஆனால் எதற்கு என்று முழுக்கச் சொல்லிவிடுகிறோம். கியூபாவிலிருந்து தனியாக அமெரிக்கா வந்த பிள்ளைகளின் நினைவுகளையும் கடிதங்களையும் பதிவு செய்யத்தான்.

1960 டிசம்பரிலிருந்து 1962 அக்டோபர் வரை, பெற்றோர் துணையில்லாமல் கியூபாவிலிருந்து மயாமிக்கு விமானம் ஏறிய பிள்ளைகள் 14,000க்கும் மேல். காஸ்ட்ரோ அரசுக்குப் பயந்து பெற்றோர்களே அனுப்பிவைத்தார்கள், 'ஆபரேஷன் பெட்ரோ பான்' என்று அதற்குப் பெயர். ஹவானா விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் அம்மா. அந்த அறையை 'மீன் தொட்டி' என்றுதான் சொல்வார்கள். கொஞ்ச நாளில் நாங்களும் வந்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பிய பெற்றோர் பலருக்கு, 1962 அக்டோபரில் கியூபாவில் இருந்த சோவியத் ஏவுகணைகளால் வந்த நெருக்கடியில் விமானங்கள் நின்றுபோனதும், வருடக்கணக்கில் வர முடியாமல் போனது. பின்னாளில் அமெரிக்க செனட்டரான மெல் மார்டினெஸ் 15 வயதில் அப்படி வந்து ஆர்லாண்டோவில் இரண்டு வளர்ப்புக் குடும்பங்களோடு இருந்தவர், பெற்றோர் வந்து சேர்ந்தது 1966இல்.

எங்கள் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். வரும்போது ஒன்பது வயது. பனி கொட்டும் ஊர், தெரியாத மொழி, குளிர்கிறது என்று சொல்ல வார்த்தை தெரியாமல் முதல் வாரம் முழுக்க கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறார். அவரை ஏற்றுக்கொண்ட வளர்ப்பு வீட்டு அம்மா நல்லவர், அதில் குறையே இல்லை. அந்த வீட்டுப் பெண்தான் சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். நான்கு வருடம் கழித்துச் சொந்த அம்மா வந்து கட்டிக்கொண்டபோது, அவர் ஸ்பானிஷில் கேட்டது பாதிதான் புரிந்தது, பதில் வாயில் வரவேயில்லை. இத்தனைக்கும் நடுவில், அன்று இன்னொரு அம்மாவையும் தங்கையையும் விட்டுக் கிளம்ப வேண்டியிருந்ததை யாரும் ஒரு இழப்பாகவே எண்ணவில்லை.

இந்தத் திட்டத்தில் நாங்கள் இரண்டு பக்கத்தையும் பதிவு செய்கிறோம், வந்த பிள்ளைகளையும், தங்கள் அறையைப் பாதி கொடுத்த அந்த வீட்டுப் பிள்ளைகளையும். இரண்டாவது கூட்டத்திடம் இதுவரை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை என்பது எங்கள் வருத்தம். அன்று ஆறு வயதாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபதை ஒட்டிய வயது, தள்ளிப்போட நேரமில்லை.

பன்னிரண்டு பேர் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். போய்வரும் செலவு, பேச்சை எழுத்தாக்கும் கூலி, அப்புறம் மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்ட கடிதங்களை ஸ்கேன் செய்வது, எல்லாம் சேர்த்து 6,000 டாலர் வேண்டும். எங்களுக்குள் போட்டது 1,700. பத்து டாலர் என்றாலும் சரி, அனுப்புங்கள். ரசீது கட்டாயம் வரும், செலவுக் கணக்கு மாதாமாதம் எல்லோருக்கும் அனுப்புவோம். பணம் முடியாவிட்டால் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள், கடிதங்கள் நிறையக் காத்திருக்கின்றன.