அசைவூட்ட விளம்பரங்களில் உடையும் தமிழ் எழுத்துகள்

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பில் இணையத்தள வடிவமைப்பையும் விளம்பர அசைவூட்டத்தையும் தொழிலாகக் கொண்ட என்னிடம், இத்துறைக்கு வர விரும்பும் இளைஞர்களும் புதிதாகக் கடை திறக்கும் வணிகர்களும் முதலில் கேட்பது எந்த மென்பொருள் சிறந்தது என்பதைத்தான். வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் இக்கேள்வி இரண்டாவதாகவே வரவேண்டும் என்பது என் கருத்து. வேலை முடிந்து பணமும் கைமாறிய பிறகு அதனை யார் திருத்தப்போகிறார், அதில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காக நிற்கின்றனவா என்ற இரண்டையும் தீர்த்துக்கொண்டால், மென்பொருள் பெரும்பாலும் தானாகவே தெரிவாகிவிடும்.

முன்பு இணையத்தள அசைவூட்டங்களை உருவாக்கவும் ஓடவிடவும் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளுக்கு நேர்ந்ததை இத்துறையினர் மறந்திருக்க முடியாது. 2007இல் வந்த ஐபோன் அதனை ஒருபோதும் ஏற்கவில்லை. 2010இல் ஐபோனைத் தயாரிக்கும் அப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். 2017இல் முடிவை அறிவித்த அடோபி நிறுவனம், 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அக்கோப்புகள் இயங்காதவாறு தடுத்தும்விட்டது. திருத்தக்கூடிய மூலக்கோப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் அதே நிறுவனத்தின் அனிமேட் மென்பொருளில் அதனைத் திறந்து, உலாவிகள் நேரடியாகவே இயக்கும் எச்டிஎம்எல்5 கன்வஸ் வடிவத்துக்கு மாற்றி, அறுந்துபோன நிரல்களைத் திரும்ப எழுதிச் சமாளித்தனர். ஓடவிட மட்டுமே உதவும் வெளியீட்டுக் கோப்பை மட்டும் வாங்கி வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் முதலிலிருந்தே செய்விக்க வேண்டியதாயிற்று.

இன்றைய தெரிவுகளில் எனக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. இணையப் பக்கங்களில் வரும் பதாகை விளம்பரத்துக்குக் கூகுள் வெப் டிசைனர் இலவசமாகவே கிடைக்கிறது, போதுமானதாகவும் இருக்கிறது. தொட்டதும் ஓர் உருவம் தலையாட்ட வேண்டும், கடவுச்சொல் பிழைத்தால் முகம் சுழிக்க வேண்டும் என்றால் ரைவ் என்ற மென்பொருள் பொருத்தமானது. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் உருவாக்கி, பொடிமூவின் என்ற செருகுநிரல் வழியாக ஏற்றுமதி செய்யப்படும் லொட்டி என்ற அசைவூட்டக் கோப்பு வடிவம், எயார்பிஎன்பி நிறுவனம் 2017இல் வெளியிட்ட நாள்முதல் பலரின் விருப்பத்துக்கு உரியதாகிவிட்டது. கோப்பும் சிறியது, எந்தத் திரையிலும் கோடுகள் தெளிவாக இருக்கும். ஆயினும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ஒளிர்வு, மங்கல் போன்ற விளைவுகளில் பல லொட்டிக்குள் வந்து சேர்வதில்லை. இதனை அறியாத வடிவமைப்பாளர் காணொளியாக ஒரு மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெற்றுவிட்டு, இறுதியில் அந்தப் பொலிவெல்லாம் உதிர்ந்த ஒன்றைக் கொடுத்து ஏச்சு வாங்குகிறார். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு ஜிஎஸ்ஏபி என்ற அசைவூட்ட நிரல் தொகுப்பு இருக்கிறது. 2025 முதல் அது வணிகப் பயன்பாட்டுக்கும் முற்றிலும் இலவசம். இலவசம் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது, டொலரில் மாதச் சந்தா கட்டிக்கொண்டு ரூபாயில் ஊதியம் பெற்ற எங்களில் பலர் எந்த மென்பொருளைக் கைவிடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்ததுதான்.

இந்த ஒப்பீடுகள் எதிலும் தமிழ் எழுத்தைப் பற்றிய பேச்சே இருப்பதில்லை. விளம்பர வரிகளில் எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவை வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அது இலகுவாக நடந்துவிடும். ‘கொழும்பு’ என்ற சொல்லை அதே நிரலிடம் கொடுத்துப் பாருங்கள்: ‘க’ தனியே தோன்றும், அதன் ஒகரக் குறி வேறொரு துண்டாகப் பிரிந்து, நடுவில் புள்ளிகளால் ஆன வட்டமொன்றைச் சுமந்துகொண்டு வரும், மகரத்தின் புள்ளியும் அவ்வாறே இன்னொரு வட்டத்தின் தலையில் ஏறி நிற்கும். உயிர்மெய்யை ஒரே அலகாகப் பிரித்துத் தரும் வசதி இப்போது உலாவிகளிலேயே இருந்தாலும், ‘க்ஷ’ அங்கும் இரண்டாக உடைகிறது. பெயரில் அவ்வெழுத்தைக் கொண்ட நகைக்கடைக்கு விளம்பரம் செய்பவர் இதனைத் தனியாகக் கவனித்தாக வேண்டும். எழுத்தெழுத்தாக விடாமல் சொல் சொல்லாகத் தோன்றச் செய்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. நான் வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்வது அதைத்தான்.

சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டிவிடுகிறார்கள். தம் கணினியில் அது அழகாகவே தெரியும்; பார்ப்பவரின் கைத்தொலைபேசியில் அந்த எழுத்துரு இறங்காத கணமே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகிவிடும். எழுத்துகளை உருவங்களாக மாற்றிக் கொடுப்பது பாதுகாப்பானதுதான், ஆனால் நாளை விலை மாறினால் கடைக்காரர் தாமாகவே ஓர் எண்ணைக்கூடத் திருத்த முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது வாசகமாகத் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் மூலகாரணம் வேலை வரும் ஒழுங்கிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் சிந்தித்து, ஆங்கில வரிக்கு அளவாகப் பெட்டி வரைந்து, அசைவையும் முடித்துவிட்ட பின்னர், சிங்கள வாசகத்தையும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தமிழ் வாசகத்தையும் அனுப்பும் வழக்கம் இந்நகரின் விளம்பர முகவர் நிறுவனங்களில் ஊறிப்போயிருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் எனக்குத் தமிழ் வாசகத்தை அனுப்பியது வெளியீட்டுக்கு முதல்நாள் மாலையில். மூன்று சொற்களுக்காக வரைந்த பெட்டியில் ஆறு சொற்கள் நெருக்கியடித்து நின்றன. எழுத்தின் அளவைக் குறையுங்கள் என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. தமிழ் வரியை முதலில் வைத்து வரைந்தால் மற்ற இரண்டு மொழிகளும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

மூலக்கோப்பு விடயத்திலும் வாய்ப்பேச்சே நிலவுகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படைப்பின் பொருளாதார உரிமைகளைக் கைமாற்றுவது எழுத்தில், இரு தரப்பினரின் கையொப்பத்துடன் அமையவேண்டும். “காசு கொடுத்துவிட்டோமே” என்று வணிகரும், “வேலையை ஒப்படைத்துவிட்டோமே” என்று வடிவமைப்பாளரும் நினைத்துக்கொண்டிருக்க, மூலக்கோப்பு ஒரு பழைய மடிக்கணினியில் கிடந்து அதனுடனேயே அழிந்துபோகிறது. எத்தனை முறை திருத்தித் தரப்படும், மூலக்கோப்பும் எழுத்துருவும் ஒப்படைக்கப்படுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை விலைமதிப்பீட்டிலேயே எழுதிவிட்டால், “சின்ன மாற்றந்தானே” என்று வரும் அழைப்புகளும் குறையும்.

கூகுள் விளம்பரங்களில் அசைவு 30 விநாடிகளுக்குள் முடிவடைய வேண்டும். அதற்கு மேல் ஓடினால் அங்கே ஏற்கமாட்டார்கள். எழுத்து உடைந்த தமிழ் விளம்பரத்தைத் திருப்பியனுப்ப இவ்வாறான விதி எதுவும் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளின் இணையத்தளங்களுக்கும் அதே பதாகைகள்தாம் வருகின்றன. பதாகையின் அளவும் கோப்பின் நிறையும் சரிபார்க்கும் தங்கள் விளம்பரப் பிரிவினர், ஒரு தடவை கைத்தொலைபேசியில் ஓடவிட்டுப் பார்த்து, எழுத்துச் சிதைந்திருப்பின் திருத்தி அனுப்புமாறு திருப்பிவிட்டால், முகவர் நிறுவனங்கள் தமிழ் வாசகத்தை முதல் வாரத்திலேயே அனுப்பத் தொடங்கிவிடும். தாங்கள் இதனைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
இணைய வடிவமைப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.