சீருடை ஓரத்தில் இரண்டரை அங்குலம் விடச் சொல்லுங்கள்

பாம்பன் முதல் தொண்டி வரை உள்ள கடலோரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், இந்தக் கரையில் துணி தைப்பவர்கள் எழுதுவது. வணக்கம்.

சத்துணவுப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை தருகிறது. அதற்கு மேல் கடையில்தான் எடுக்க வேண்டும். சீக்கிரம் கிழிந்தால் துணி மட்டம் என்கிறோம். பாதிப் பழி உப்புக்கு.

கடல் காற்றில் கொடியில் கிடக்கும் துணியில் உப்புப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். மடித்து வைத்த துணி நமுத்து, ஐப்பசி கார்த்திகையில் பூசணப் புள்ளி விழும். இரும்புக் கொக்கியும் ஜிப்பும் துருவேறும்; துரு பட்ட இடத்தில் பருத்தி இற்றுப்போகும். அங்கே பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை போகாது, துணிதான் போகும். புதுக் கறை என்றால் எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் விட்டு அலசலாம்.

உவர்க் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் துணியிலேயே படிந்து, வெள்ளைச் சட்டை மங்கி விறைக்கும். குடம் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரில் முழுத் துவையலும் நல்ல தண்ணீரில் என்பது நடக்காத காரியம். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர், பிறகு உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நிழலில் உலர்த்தல்: பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது பாவாடைக்கும் பேண்டுக்கும் கீழ் மடிப்பில் இரண்டரை அங்குலம், பக்கத் தையலில் முக்கால் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு பிரித்து இறக்கலாம். பழைய மடிப்பின் கோடு அழியாது. அதற்காகப் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள். எங்கள் மனக்குறையே இதுதான். ஒட்டுப் போட்ட துணிக்கும் அதே மரியாதை வேண்டும்.

பேண்டில் முதலில் பிரிந்துபோவது கவட்டைத் தையல். பாலியெஸ்டர் நூலால் இரட்டைத் தையல் போட வேண்டும். நைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் துணி மெலிந்து தெரியும். கிழியும் முன்பே உள்ளே ஒட்டு வைத்தால் ஓராண்டு தாங்கும். காலர் நைந்தால் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைக்கலாம். அரை மணி வேலை.

ஒட்டுக்குப் புதுத் துணி நிறம் சேராது. அதே அளவு வெளுத்த பழைய சீருடைதான் பொருந்தும். ஆகவே பிள்ளைக்குப் பத்தாமல் போனதைப் பள்ளியில் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். கொக்கியையும் ஜிப்பையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். துருப்பிடித்தது ஒன்று உள்ளே இருந்தாலும் பக்கத்துத் துணிக்கும் கறை ஏறும்.

இப்படிக்கு,
கடலோரத் தையல்காரர்கள்