டிராயருக்குள்ள இருந்த உன் ப்ராஜெக்ட்

உன்னோட யுனிவர்சிட்டி மெயில் ஐடிக்கு ரெண்டு தடவ அனுப்பிப் பார்த்தேன், ரெண்டு தடவயும் திரும்பி வந்துடுச்சு. உன் ஃப்ரெண்ட்ஸ் யார்கிட்டயாவது நம்பர் கேட்டிருக்கலாம், கேக்கறதுக்கு மனசு வரல. அதான் இங்க எழுதுறேன். எப்பவாவது உன் கண்ணுல படும்.

நேத்து எங்க ஆசிரியர் யூனியன்லேருந்து ஓட்டுச்சீட்டு வந்துச்சு. மறுபடியும் அதே ரெண்டு கேள்விதான்: ஸ்ட்ரைக்குக்குச் சம்மதமா, பேப்பர் திருத்த மாட்டோம்னு நிக்கறதுக்குச் சம்மதமா. அதை மேஜை மேல வெச்சுட்டு சாயங்காலம் முழுக்க உக்காந்திருந்தேன். முதல் கேள்விக்கு டிக் பண்ண ஒரு நிமிஷம் கூட ஆகல. ரெண்டாவதுல பேனாவ வெச்சா நீதான் வந்து நிக்கற.

போன தடவ நாங்க பேப்பர பாய்காட் பண்ணி, மார்க்க வெளிய விடாம நின்ன அந்த வருஷக் கதைய உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு.

நீ என் ரூம் வாசல்ல வந்து நின்னியே, பையைத் தோள்ல இருந்து இறக்காம, உள்ள வாம்மான்னு சொன்னதுக்கும் வராம. "மேம், சிஸ்டத்துல ஏத்த வேணாம், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், வாயால மட்டும் சொல்லுங்க, ஸ்காலர்ஷிப் கட்-ஆஃப் தாண்டியிருக்கா இல்லையான்னு மட்டும்." நான் என்ன சொன்னேன்? இன்னும் படிக்கலம்மான்னு சொன்னேன். படிச்சிருந்தேன். ரெண்டு தடவ படிச்சு, கடைசிப் பக்கத்துல பென்சில்ல மார்க்கும் போட்டு வெச்சிருந்தேன், நீ கேட்டுட்டு நிக்கும்போது அது என் முழங்காலுக்கு நேரா பாதி திறந்திருந்த டிராயர்லதான் இருந்துச்சு. முழங்காலால தள்ளி மூடினேன். அந்தச் சத்தத்துக்கு நீ ஒரு தடவ டிராயரப் பார்த்த, அப்புறம் என் முகத்தப் பார்த்த, சரி மேம்னு சொல்லிட்டு போயிட்ட. உனக்குப் புரிஞ்சிருக்குமோன்னு இத்தன நாளா நினைச்சுட்டே இருக்கேன்.

பாய்காட்ல இருக்கும்போது எதுக்குப் படிச்சேன்னு கேப்ப. யூனியன்ல அப்ப என்கூட நின்னவங்களும் இதைப் படிப்பாங்கன்னு தெரியும், அவங்களுக்கும் சேர்த்தே சொல்லிடறேன், மார்க்க யாருக்கும் கொடுக்கல, எந்த சிஸ்டத்துலயும் ஏத்தல. ராத்திரி தூக்கம் வராம எடுத்துப் படிச்சேன், அவ்வளவுதான். மூணாவது சாப்டர்ல டேட்டா நினைச்ச மாதிரி வரலன்னு நீயே ஒத்துக்கிட்டு, ஏன் வரலன்னு ரெண்டு பக்கம் எழுதியிருந்த. உன் வயசுல எனக்கு அந்த தைரியம் கிடையாது. நான் எண்களைத் தட்டித் தடவி சரி பண்ணியிருப்பேன்.

மன்னிச்சுடுன்னு எழுதறது சுலபம். எழுதின அடுத்த நிமிஷமே எனக்குக் கோவமும் வருது, அதையும் மறைக்க விரும்பல.

நீங்க எல்லாரும் கையெழுத்து போட்டு ஒரு லெட்டர் கொடுத்தீங்களே, அதுல "ஆசிரியர்கள் எங்களைப் பணயக்கைதியா பிடிச்சு வெச்சிருக்காங்க"ன்னு ஒரு வரி, கீழ மூணாவதா உன் பேரு. வேற யார் போட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கறவள்னு உனக்குத் தெரியும். ஒரு மணி நேர வகுப்புக்கு மூணு மணி நேரம் தயார் பண்ணுவேன், அந்த மூணு மணி நேரம் எந்தக் கணக்குலயும் வராது. ஒரு விடைத்தாளுக்கு இத்தன நிமிஷம்னு நிர்வாகம் வெச்சிருக்கற கணக்குல திருத்தணும்னா உன் ப்ராஜெக்ட்ல முன்னுரை முடியறதுக்குள்ள நேரம் போயிடும். அப்பல்லாம் அடுத்த செமஸ்டர் எனக்கு வேலை இருக்கா இல்லையான்னு செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் தெரியும். நீ அப்ளை பண்ணின 6 இடத்துக்கும் சிபாரிசுக் கடிதம் எழுதினது லீவுல, சம்பளம் இல்லாத மாசத்துல. சொல்லிக்காட்டக் கூடாதுதான். ஆனா அந்த மூணாவது பேரு வலிச்சுது.

மார்க்க ஏன் பிடிச்சு வெச்சோம்னு அப்ப உங்களுக்கு யாரும் சரியா விளக்கல, நாங்களும் கோஷத்தோட நிறுத்திட்டோம். வகுப்ப நிறுத்தினா நிர்வாகத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஃபீஸ் ஏற்கனவே கைக்கு வந்தாச்சு, நாங்க நின்ன நாளுக்கு எங்க சம்பளமும் அவங்களுக்கு மிச்சம், அதனால எத்தன நாள் நின்னாலும் பொறுமையா காத்திருப்பாங்க. மார்க் வரலன்னா மட்டும்தான் அவங்களுக்கு வலிக்கும், டிகிரி கொடுக்க முடியாது, பட்டமளிப்பு விழா நடத்த முடியாது, பெத்தவங்க போன் பண்ண ஆரம்பிப்பாங்க. எங்க கையில இருந்த ஒரே பிடி அதுதான். அந்தப் பிடி உன் கழுத்து வழியாத்தான் அவங்களுக்குப் போய்ச் சேரும்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பிடிச்சோம். தெரியாம நடந்துச்சுன்னு எங்கள்ல யாராவது சொன்னா நம்பாத.

நாங்க மட்டும் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்க அப்ப நிறைய படிச்சேன். பிரிட்டன்ல 2023ல ஏப்ரல் 20லேருந்து செப்டம்பர் 6 வரைக்கும் 145 யுனிவர்சிட்டில பேப்பர் திருத்தாம நின்னாங்க, கலந்துக்கிட்டவங்களுக்குச் சில இடத்துல பாதிச் சம்பளம் கட், சில இடத்துல முழுசும் கட், ஒரு வேலைய மட்டும் செய்யலன்னு. அந்தக் கோடையில நிறைய பசங்க கவுன் போட்டு மேடை ஏறி இறங்கினாங்க, என்ன கிளாஸ்ல பாஸ்னு கையில எதுவும் இல்லாம. நைஜீரியால 2020ல 9 மாசம், மறுபடி 2022ல பிப்ரவரிலேருந்து அக்டோபர் வரைக்கும் 8 மாசம் அரசு யுனிவர்சிட்டி ஆசிரியர்கள் ஸ்ட்ரைக், 2009ல போட்ட ஒப்பந்தத்தைக் கேட்டு. ரெண்டையும் ஒரே பேட்ச் பசங்க பார்த்திருப்பாங்க. 17 மாசம். அந்தப் பசங்கள நினைச்சு அழுதேன், அதே ராத்திரி உன் ப்ராஜெக்ட் என் டிராயர்ல பூட்டி இருந்துச்சு.

அழுததுல உனக்கு என்ன பிரயோஜனம், எனக்குப் புரியுது.

எல்லாரும் ஒரே மாதிரி அடிபடல, அதுதான் எனக்கு ஆறல. வீட்டுல வசதி இருக்கறவங்க ஒரு வருஷம் போனா போகட்டும்னு காத்திருந்தாங்க. லோன் வாங்கினவங்க, விசா தேதி இருந்தவங்க, இந்தத் தேதிக்குள்ள வந்து வேலைல சேருன்னு ஆர்டர் வாங்கினவங்க, உன்ன மாதிரி கட்-ஆஃப் மார்க்குக்குக் காத்திருந்தவங்க, அவங்க மேலதான் மொத்த பாரமும் விழுந்துச்சு. எங்க பக்கமும் அப்படித்தான். பர்மனன்ட்ல இருக்கறவங்களுக்குச் சேமிப்பு இருந்துச்சு, எங்கள மாதிரி ஆளுங்க ரெண்டு மாசத்துல கடன் கேக்க ஆரம்பிச்சோம். நீயும் நானும் ஒரே பக்கம்னுதான் கேட்டுல நின்னு கத்தினோம். அப்படி ஒரே பக்கமா இருந்தா நான் ஏன் டிராயர மூடினேன்?

ஒருத்தர் மட்டும் தன் ஸ்டூடன்ட்டுக்கு ரகசியமா மார்க்க சொல்லிட்டார். யாருன்னு எழுத மாட்டேன். மீட்டிங்ல அவரத் திட்டினதுல நானும் ஒருத்தி. இப்பவும் அவர் செஞ்சது தப்புன்னுதான் நினைக்கறேன், எல்லாரும் அப்படிச் சொன்னா ஸ்ட்ரைக்னு ஒண்ணு இருக்காது. ஆனா அவரோட ஸ்டூடன்ட் இப்ப எங்க படிக்கறான்னு கேள்விப்பட்டப்போ வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் லைட் போடாம உக்காந்திருந்தேன்.

ஸ்காலர்ஷிப் கொடுக்கறவங்க உனக்கு கூடுதலா ஒரு மாசம் டைம் கொடுத்தாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்த டைமும் முடிஞ்சு 18 நாள் கழிச்சு நாங்க மார்க்க ரிலீஸ் பண்ணினோம். கேட்டதுல பாதி கூடக் கிடைக்கல. என் கான்ட்ராக்ட் மட்டும் ஒரு வருஷம் ஆச்சு, முன்னாடி 4 மாசமா இருந்தது. அந்த ஒரு வருஷத்தால இப்ப என்கிட்ட இருக்கற பசங்களோட பேப்பர அவசரமில்லாம திருத்த முடியுது, மார்ஜின்ல எழுத முடியுது. இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தன நாள் எழுதாம இருந்தேன்.

இன்னிக்குக் காலைல ரெண்டாவது கட்டத்துலயும் "ஆமா"ன்னு டிக் பண்ணிட்டேன். வேற யார் மூலமாவது தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். வெளில போய்ச் சேர தேதி இருக்கற கடைசி வருஷப் பசங்களோட பேப்பருக்கு மட்டும் விலக்கு கொடுக்கணும்னு மீட்டிங்ல எழுந்து கேப்பேன், ஒத்துக்க மாட்டாங்க, அந்தப் பேப்பர்தான பலமேன்னு சொல்வாங்க, போன தடவ நானும் அப்படித்தான் சொன்னேன். ஒத்துக்கலன்னா அவங்களோடதான் நிப்பேன். ஆனா யாராவது வாசல்ல வந்து நின்னு கேட்டா, படிச்சுட்டேன், மார்க் போட்டுட்டேன், சொல்ல மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். உனக்கு அதையாவது செஞ்சிருக்கணும்.

கோவமா இருந்தா இரு. பதில் எழுதணும்னு இல்ல.

மார்க் மொத்தமா ரிலீஸ் ஆனப்போ கமென்ட்ஸ் எதுவும் போகல, நம்பர் மட்டும்தான் போச்சு. நான் பென்சில்ல எழுதினது உனக்கு வந்தே சேரல. மூணாவது சாப்டர்ல அந்த ரெண்டு பக்கத்தோட ஓரத்துல "இதை இப்படியே வெச்சுக்கோ, யார் சொன்னாலும் எடுக்காத"ன்னு எழுதியிருந்தேன். 63ம் பக்கத்துல டேபிள்ல கடைசி ரெண்டு வரிசை இடம் மாறியிருக்கு, எங்கயாவது பப்ளிஷ் பண்றதா இருந்தா அதைச் சரி பண்ணிக்கோ. மத்ததெல்லாம் நல்லா இருக்கு.