சிறுகிழங்குக் கறை

திருநெல்வேலி டவுனில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கும், தூக்குச்சட்டியோடு பாளையங்கோட்டைக்கு வந்து போனவர்களுக்கும்,

அம்மா நடக்க முடியாமல் கிடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்லவில்லை. நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே வாசல்வரை வந்து நின்றாள். சென்னையில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்தேன். கை நடுக்கம் நிற்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சமைத்து அம்மாவுக்குக் கொடுத்துவிட்டது 83 நாள் மதியச் சாப்பாடு. ஈரடுக்குப் பாலம், ஜங்ஷன் நெரிசல், சுலோசன முதலியார் பாலம் எல்லாம் தாண்டி, ஒரு மணிக்குள் சூடு ஆறாமல் வந்தது. சமைத்த அக்காமார், பாத்திரம் கழுவியவர்கள், பேச்சுத்துணைக்கு வந்து தாயம் உருட்டிய காலேஜ் பிள்ளைகள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்து காலை நீட்டி மடக்கப் பழக்கிய தங்கச்சி, முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசிப் பாருங்க என்று சொன்ன எதிர்வீட்டு அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்தக் கிழங்குக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

முதல் மூன்று வாரம் சொதியும் சோறும் பாதிக்குமேல் அப்படியே திரும்பிப் போகும். கேட்டால், "சும்மா கிடந்து தின்னா எப்படில செமிக்கும்" என்பாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் 40 வருஷம் இலை போட்டவள். எனக்கு அது உறைக்கவில்லை, போனில் சத்தம் போட்டேன்.

சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு உறைத்திருக்கிறது. மார்கழியில் ஒருநாள் மஞ்சப்பை நிறையச் சிறுகிழங்கோடு வந்து, "ஆச்சி, அங்க ஆள் பத்தல, இதக் கொஞ்சம் சொரண்டித் தாரியளா, நாளைக்கு வாங்கிக்கிடுதேன்" என்றிருக்கிறான். அன்று ராத்திரி வீடியோ காலில் பார்த்தால் அம்மா விரலெல்லாம் கறுப்பு. ரத்தம் கட்டிவிட்டதோ என்று நான் பதற, "ஏல, கெழங்கு சொரண்டுனா கறை பிடிக்காதா, மெட்ராஸ் போயி எல்லாம் மறந்துட்டியோ" என்று சிரிக்கிறாள். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! அங்கே சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் எடுக்கிறார்களாம், அதெல்லாம் ஒரு வேலையா என்று அரை மணி நேரம் ஒரே பிராது. மறுநாள் அந்தக் கிழங்கு பொரியலாகி வந்தது, தூக்குச்சட்டி காலியாகப் போனது, கூடவே உப்பு குறைச்சல் என்ற சேதியும் போயிருக்கிறது.

அப்புறம்தான் அக்கா ஒருவர் சொன்னார், அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லையாம், அது தம்பி தன் காசில் வாங்கிய கிழங்காம்.

தம்பி, பெயரைப் போடக்கூடாது என்றாய், போடவில்லை. பணம் என்னிடமும் இருந்தது. அம்மாவிடம் போய் ஒரு உதவி கேட்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

சித்திரையில் லீவு போட்டு ஊருக்கு வருகிறேன். எனக்கும் இரண்டு வீடு ஒதுக்குங்கள், சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடிவிட மாட்டேன்.

அப்புறம், அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். மாசி பிறந்தாச்சு, இனிக் கிழங்கு வரத்து குறைந்துவிடுமே, அடுத்து என்ன கொடுத்துவிடப் போகிறீர்கள்?