லாபம் இருக்கிறது, பணம் இல்லை

சத்துவாச்சாரி, வேலூர்,
ஞாயிறு ராத்திரி

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது போல என்று நினைப்பாய். ஆமாம், காரியம்தான். ஆனால் அதற்கு முன்னால் நீ என்னைத் திட்ட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை எடுத்தேன், உன் தங்கச்சி கூடத்தை விட்டு நகர்வதாக இல்லை. அவளுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு, உன் வழக்கப்படி சட்டைப் பையில் வைத்து வண்ணானுக்குப் போட்டுவிடாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மொட்டை தன் பேரன் காதுகுத்துக்கு நீ வராததை இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறான், ஒரு போன் போட்டுவிடு. முள்ளுக்கத்தரிக்காய் வந்திருக்கிறது, ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் தை மாதம் உன் தங்கச்சிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு அடைத்தபோது, அந்த டாக்டர் கட்டிய வேட்டியோடு ஓடி வந்தாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் இல்லையென்றால் இன்று நான் வேறு மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். அதே மனுஷன் பங்குனியில் என்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியை லிமிடெட் கம்பெனி ஆக்கி நாலு வருஷம் ஆகிறது, இன்னொரு மாடி கட்டப்போகிறோம், தெரிந்தவர்களுக்கு மட்டும் கடன் பத்திரம் கொடுக்கிறோம், 12 சதவீதம் வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றார். டீ ஆறுவதற்குள் 8 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 31 வருஷம் பேங்கில் கடன் பிரிவில் உட்கார்ந்து, அடுத்தவன் பேலன்ஸ் ஷீட்டில் ஓட்டை தேடித் தேடிக் கண்ணாடி பவர் ஏறினவன், ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. உயிரைக் காப்பாற்றினவரிடம் கணக்கைக் காட்டு என்று எப்படிடா கேட்பது?

இரண்டு தவணை வட்டி ஒழுங்காக வந்தது. மூன்றாவது 24 நாள் தாமதம். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் உன் தங்கச்சியை செக்கப்புக்குக் கூட்டிப்போனேன், அவள் தினமும் சாப்பிடுகிற சாதாரண பிரஷர் மாத்திரை, அதுவே அங்கே பார்மசியில் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆபிசர்ஸ் லைனில் ஒரு மெடிக்கலில் கேட்டேன். கடைப் பையன் சிரித்துக்கொண்டே, "அவங்களுக்கு மருந்து சப்ளை பண்ற ஸ்டாக்கிஸ்ட் எல்லாம் கடன் கொடுக்கிறதை நிறுத்திட்டாங்க சார், கேஷ்தான்" என்றான். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கவில்லை.

அன்று ராத்திரியே கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி, அவர்கள் தாக்கல் செய்த மார்ச் கணக்கை எடுத்தேன். மூன்று ராத்திரி அதோடு உட்கார்ந்தேன். 100 ரூபாய்டா மாப்ளே. 8 லட்சத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த 100 ரூபாயைச் செலவு செய்திருக்கலாம்.

ஊரிசு கல்லூரியில் படிக்கும்போது தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கிண்டல் செய்துகொண்டு திரிவாயே. கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டது, பாலாறும் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிக் காட்டிவிட்டது, பட்டியலில் இடம் காலி. இதைச் சேர்த்துக்கொள்: லாபம் இருக்கிற ஆஸ்பத்திரி, பணம் இல்லை.

கணக்கு இதுதான், உனக்குப் புரியும். வருமானம் 34 கோடியிலிருந்து 40 கோடி. வரி போக லாபம் 1.8 கோடி. முதல் பக்கத்தோடு மூடி வைக்கிறவனுக்கு நல்ல கம்பெனிதான். ஆனால் வர வேண்டிய பாக்கி 9 கோடியிலிருந்து 17 கோடி! விற்பனை கூடியது 6 கோடி, பாக்கி கூடியது 8 கோடி. அப்படியென்றால் கூடுதலாக வைத்தியம் பார்த்ததில் ஒரு ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை, பழைய பாக்கியிலும் கொஞ்சம் நின்றுவிட்டது. நாள் கணக்கில் போட்டால் 155 நாள். இன்று ஆபரேஷன் செய்தால் அஞ்சு மாதம் கழித்துப் பணம்.

ஏன் என்று பார்த்தால் அதில் களவு ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் ஆஸ்பத்திரி நடத்துவது என்றால் சி.எம்.சி. என்கிற அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நிழலில் நடத்துவது. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினது, காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளி போர்டு தொங்குகிற அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. அங்கே பங்குதாரர் என்று யாரும் கிடையாது, மிஞ்சினதை எடுத்து ஏழைகளுக்குச் செலவு செய்யலாம். கையில் ரொக்கத்தோடு ரயிலேறி வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள். நம்ம டாக்டருக்கு வருவது சுற்றுப்பட்டு ஜனங்கள், பாதிக்கு மேல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு வருகிறவர்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் என்பது அவர்களுக்குப் பெரிய தெம்பு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிடைப்பது பேக்கேஜ் ரேட், இந்த வைத்தியத்துக்கு இவ்வளவுதான் என்று முன்னாலேயே கட்டிவைத்த தொகை, அதுவும் பேப்பர் எல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகு. தனியார் இன்சூரன்ஸ்காரர்கள் பில்லில் அங்கங்கே வெட்டிவிட்டு மீதியைத்தான் அனுப்புகிறார்கள். வார்டு நிரம்பியிருக்கிறதே, நல்ல ஓட்டம்தான் என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவருக்காக யார், எப்போது, எவ்வளவு கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பேங்கில் இருந்தபோது ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக் பார்க்கப் போவேன். முன்கேட்டில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், நான் பின்பக்கமாகப் போய்த் தோலை எண்ணுவேன், நாற்றத்தோடு வீடு வந்தால் உன் தங்கச்சி வாசலிலேயே நிறுத்துவாள். ஆஸ்பத்திரியில் போய் எதை எண்ணுவது? இந்த மூன்று ராத்திரியில்தான் புரிந்தது, இங்கேயும் ஒரு பின்வாசல் உண்டு. யாருக்கெல்லாம் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மருந்துக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒரே வருஷத்தில் 5 கோடியிலிருந்து 9 கோடி. எந்தப் பாக்கி எத்தனை காலமாக நிற்கிறது என்று இப்போதெல்லாம் கணக்கிலேயே அட்டவணை போட வேண்டும், அதில் ஒரு வருஷத்தைத் தாண்டினதே ஒன்றரைக் கோடி.

அப்புறம் ரொக்க ஓட்டப் பக்கம், நிஜமாகக் கைக்கு வந்த பணமும் போன பணமும் இருக்கிற பக்கம். தொழிலில் இருந்து வந்த பணம் 3.3 கோடி என்று போட்டிருக்கிறது. மருந்துக்காரர்களுக்குக் கொடுக்காமல் வைத்த 4 கோடியைக் கழித்துப் பார், மைனஸ். வட்டி மட்டும் 3.4 கோடி. அதற்கே பத்தவில்லை, இதில் பேங்க் அசல் 3 கோடி கட்டியிருக்கிறார்கள். எங்கிருந்து? எங்களிடம் கடன் பத்திரமாக வாங்கினது 4 கோடி. மாடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கள் பணம் பேங்க் தவணைக்குப் போயிருக்கிறது. நான் வேலை பார்த்த மாதிரி ஏதோ ஒரு பேங்கில், என்னை மாதிரி ஒருத்தன், 'தவணை ஒழுங்காக வருகிறது' என்று குறிப்பு எழுதியிருப்பான்.

இன்னும் இருக்கிறது, கேள். பத்திரத்தில் 'சொத்துப் பிணையுடன்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பிணை என்றால் சாதாரணமாக 30 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்தேன், அதற்குக் காசுகூட வேண்டாம். பேங்க் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பதிவாகாத பிணையை, கம்பெனி முழுகினால் சொத்தை விற்றுக் கடனை அடைக்க வருகிற லிக்விடேட்டர் சீந்தமாட்டார். பிணையும் இல்லாமல் சந்தையிலும் பட்டியலிடாமல் பத்திரம் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் அது டெபாசிட். வெளியாரிடம் டெபாசிட் வாங்க 100 கோடி நிகர மதிப்போ 500 கோடி விற்பனையோ இருக்க வேண்டும். இவர்களிடம் இரண்டும் கிடையாது. 2022-ல் காட்பாடி பக்கம் நிதி நிறுவனத்தில் போட்டு அழுதவர்களைப் பார்த்து, "பேராசை" என்று நீயும் நானும் உச்சுக்கொட்டினோமே, அது இப்போது தொண்டையில் நிற்கிறது.

ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நான் ஜூனியர்களுக்குச் சொல்லுவேன், நீங்கள் அதிலிருந்து தொடங்குங்கள் என்று. அதில் ஒரு வரி: ஊழியர் பி.எஃப். ஆறு மாதத்துக்கு மேல் கட்டப்படாமல் இருக்கிறது. உன் தங்கச்சிக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்ததே குடியாத்தம் பக்கத்துப் பெண், அவள் சம்பளத்தில் பிடித்த காசும் அதில் இருக்கும். அந்த வரிக்கு வந்ததும் நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பெரிய இடத்திலேயே இப்படித்தான் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். அபுதாபியில் 1975-ல் தொடங்கின என்.எம்.சி. என்கிற ஆஸ்பத்திரிக் கம்பெனி, லண்டன் சந்தையில் முதல் 100 கம்பெனிகளில் ஒன்றாக இருந்தது. கடன் 2.1 பில்லியன் டாலர் என்றார்கள், தோண்டினால் 6.6 பில்லியன். 2020 ஏப்ரலில் நீதிமன்றம் நிர்வாகியைப் போட்டது. அமெரிக்காவில் ஸ்டீவர்ட் என்று ஒன்று, 2016-ல் 1.25 பில்லியன் டாலர் ஒப்பந்தம் ஒன்றில் தன் ஆஸ்பத்திரிகள் சிலவற்றின் நிலத்தையும் கட்டடத்தையும் விற்று, அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்தது. விற்ற வருஷம் கை நிறையப் பணம், அப்புறம் வாடகை கழுத்தைப் பிடித்தது, 2024 மே மாதம் 31 ஆஸ்பத்திரியோடு திவால் மனு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்ம டாக்டரும் பக்கத்துக் காலி மனையைத் தன் மச்சான் பெயரில் உள்ள நிறுவனத்துக்கு விற்று, அதையே பார்க்கிங்குக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார். அந்த விற்பனை லாபம் 70 லட்சம் இந்த 1.8 கோடியில் கலந்திருக்கிறது.

ஆனால் மாப்ளே, அவர் திருடன் என்று எனக்கு இன்னும் சொல்ல வரவில்லை. பழைய கார்தான் ஓட்டுகிறார். அட்டையோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. கைராசி இருக்கிற அளவுக்குக் கணக்குப் புத்தி இல்லாத மனுஷன் என்றுதான் படுகிறது, சில நேரம் அதுவும் என் பயத்துக்கு நான் போட்டுக்கொள்கிற ஒத்தடமோ என்று தோன்றுகிறது. நான் பணத்தைக் கேட்டால், விஷயம் தெரிந்து மற்றவர்களும் கேட்பார்கள், எல்லோரும் கேட்டால் அந்த இடம் ஒரு மாதம் தாங்காது. கேட்காமல் இருந்தால் அடுத்த தவணை வட்டியை, எனக்கு அப்புறம் கையெழுத்துப் போட்ட யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பணத்திலிருந்து எனக்குக் கொடுப்பார்கள். அந்த வட்டியை வாங்கிச் சாப்பிடவா?

இப்போது காரியம். நீ ஆரணியில் 26 வருஷமாக மருந்து ஸ்டாக்கிஸ்ட், உன் சங்கத்தில் யார் எத்தனை நாளில் கொடுக்கிறார்கள் என்று தெரியாத ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி பெயரை இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும். ஒன்று, பாக்கி எவ்வளவு நாளாக நிற்கிறது, கடைசியாகக் கொடுத்த செக் பாஸானதா. இரண்டு, டயாலிசிஸ் சாமான், ஸ்டென்ட் கொடுக்கிறவர்களும் நிறுத்திவிட்டார்களா. மாத்திரை இல்லையென்றால் வெளியே வாங்கலாம், இந்தச் சாமான் இல்லையென்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். என் பெயர் வெளியே வரக்கூடாது.

வியாழக்கிழமை அவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பிணையைப் பதிவு செய்யுங்கள், புதிதாக யாரிடமும் வாங்காதீர்கள், முதலில் அந்தப் பிள்ளைகள் பி.எஃப்.பைக் கட்டுங்கள் என்று சொல்லப்போகிறேன். என் பணத்தைப் பற்றிக் கேட்க வாய் வருமா என்று தெரியவில்லை, அதனால்தான் நீ கூட வந்தால் தேவலை. காலை பஸ் பிடித்தால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். உன் தங்கச்சியிடம் கண்ணாடி மாற்ற வந்தேன் என்று சொல்லிக்கொள்.

வரும்போது அந்தப் பிரஷர் மாத்திரை ரெண்டு மாதத்துக்குக் கொண்டுவா. காசு கொடுத்துவிடுகிறேன், கேஷ்தான்.

உன்,
ஓட்டைக் கணக்கு