விடுதிக்குப் பின்னால் ஓர் ஆய்வகம்: பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், அக்கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் வணக்கம்.

சாயக்கழிவு நீரையும் தோல் தொழிற்கூடக் கழிவுநீரையும் சுத்திகரிக்கும் நிலையங்களில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருபவன் நான். படிப்பை முடித்து வேலை கேட்டு வரும் இளைஞர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பும் எனக்கு உண்டு. அந்த இடத்திலிருந்து ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். இத்துறையில் பட்டமோ பட்டயமோ பெறுகிற எவரும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைச் சில மாதங்களாவது தம் கையால் இயக்கிப் பழகியிருக்க வேண்டும். அதற்கான நிலையம் பல கல்லூரிகளின் வளாகத்துக்குள்ளேயே, மாணவர் விடுதிக்குப் பின்னால் இருக்கிறது.

நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் படிநிலைகளை வரையச் சொன்னால் ஓர் அம்புக்குறிகூடத் தவறாமல் வரைகிறார்கள். தொட்டியின் கொள்ளளவுக்கான சூத்திரத்தைப் பிழையின்றி எழுதுகிறார்கள். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டும் தொட்டிதான் ஏரேஷன் டேங்க். "காலையில் வந்து பார்த்தால் ஏரேஷன் டேங்க் முழுக்க வெள்ளை நுரை நிற்கிறது, என்ன செய்வாய்?" என்று கேட்கும்போதுதான் பேச்சு நின்றுபோகிறது. பள்ளிப் படிப்பை முடிக்காத எங்கள் ஆபரேட்டர் ஒருவர் அந்த நேரத்தில் செய்வது இதுதான்: ஒரு லிட்டர் அளவு ஜாடியில் அந்தத் தொட்டியின் நீரை மொண்டு, வெயில் படாத இடத்தில் வைத்து, அரை மணி நேரம் பார்ப்பார். நுண்ணுயிர்கள் திரண்ட கசடு எத்தனையாவது கோட்டில் வந்து நிற்கிறது, திப்பி திப்பியாகச் சேர்ந்து இறங்குகிறதா, கரைந்தாற்போல் தயங்குகிறதா, மேலே நிற்கும் நீர் தெளிவா கலங்கலா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக மோந்து பார்ப்பார். நல்ல நிலையில் உள்ள கசடு பழுப்பு நிறத்தில் மண்வாசம் வீசும். இரவில் யாரேனும் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தி வைத்திருந்தால் கறுத்து, அழுகல் வாடை அடிக்கும். லாக் புக்கில் விடிய விடிய ஓடியதாக எழுதியிருந்தாலும் அந்த வாடையை மறைக்க முடியாது. இந்தச் சோதனைக்கு ஒரு ஜாடியும் ஒரு கடிகாரமும் போதும். நான்கு ஆண்டுப் படிப்பில் இதற்கு இடமில்லாமல் போனது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆய்வகத்தின் நிலையும் இதுவே. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் செலவிடுகின்றன என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனை நம் நாட்டு முறைப்படி 27 டிகிரி செல்சியஸில் 3 நாட்கள் வைத்திருந்து செய்யப்படுவது. வியாழக்கிழமை வைத்த பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை எடுத்தாக வேண்டும். அதே கழிவை ரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் சி.ஓ.டி. சோதனைக்கு டைக்ரோமேட் கலந்த அமிலக் கரைசலில் 2 மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பிறகு டைட்ரேஷன் செய்து அளக்க வேண்டும். கால அட்டவணையில் செய்முறை வகுப்புக்கு ஒதுக்கப்படும் நேரத்துக்குள் இவற்றை முழுமையாகச் செய்து முடிப்பது கடினம். ஆகவே தங்கள் ரெக்கார்டு நோட்டில் உள்ள அளவீடுகள் முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து வந்தவை என்பதைச் சிலர் என்னிடமே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தில் வேறு எப்படிப் பி.ஓ.டி. பார்ப்பது?

இதனால் விளையும் கேடு சிறியதன்று. மூன்றாம் நாள் பி.ஓ.டி. பாட்டிலில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும், 2 மில்லிகிராமாவது செலவாகியிருக்க வேண்டும். இல்லையேல் அந்தச் சோதனை செல்லாது, கழிவுநீரோடு நல்ல நீர் சேர்க்கும் விகிதத்தை மாற்றி மறுபடி வைக்க வேண்டும். கையால் செய்து பழகாதவர், ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்துபோன பாட்டிலின் பூஜ்யத்தையும் சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணை எழுதிவிடுவார். அந்த எண் உண்மையான அளவைவிடக் குறைவாகவே இருக்கும். நீர்நிலையில் விடும் நீருக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கும்போது, அறியாமையால் நேரும் இந்தப் பிழை எப்போதும் ஆலைக்குச் சாதகமாகவே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பாலாற்றுப் பகுதிக்குப் போனால் சிக்கல் இன்னும் கூடும். வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உப்பிட்டுப் பதப்படுத்திய தோல் வருவதால் கழிவுநீரில் குளோரைடு மிகுதி. அதை மெர்க்குரிக் சல்பேட் சேர்த்து அடக்காமல் சி.ஓ.டி. பார்த்தால் அளவு பொய்யாக ஏறும். மெர்க்குரிக் சல்பேட் சேர்த்தாலோ சோதனை முடிந்த கரைசலில் பாதரசம் இருக்கும். சுற்றுச்சூழலைக் காக்கப் படிக்கும் மாணவர்கள் அந்தக் கரைசலைச் சிங்க்கில் ஊற்றிவிட்டுக் கைகழுவிச் செல்லும் ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் மாநிலத்தின் அனுபவம் பாடமாக வேண்டிய அளவுக்குப் பெரிது. 1996-இல் தோல் தொழிற்கூடக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத முறைக்கு அந்த ஊர் முழுமூச்சாகத் திரும்பியது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு, அதன்பின் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு, ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புநீருக்கு ஆவியாக்கி, அதிலிருந்து மீளும் சோடியம் சல்பேட் மறுபடியும் சாயமேற்றலுக்கு என ஒரு சுழற்சி அங்கே நடக்கிறது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்குகிறது; அதற்கு வழி காண வேண்டிய தலைமுறை இப்போது உங்கள் வகுப்பறைகளில்தான் அமர்ந்திருக்கிறது. பல ஆலைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருப்பூரில் 18. அங்கே சேர்ந்திருக்கும் அறிவு பெரும்பாலும் ஷிப்ட் பொறுப்பாளர்களின் தலைக்குள் இருக்கிறது; பாடநூலுக்குள் வரவில்லை.

உச்ச நீதிமன்றம் 2003-இல் உத்தரவிட்டதை அடுத்துச் சுற்றுச்சூழல் பாடம் எல்லாப் பட்டப்படிப்புகளிலும் கட்டாயமாயிற்று. அது விழிப்புணர்வுக்கானது, வணிகவியல் மாணவருக்கு அது போதும். அதே போக்கில், கொஞ்சம் கணக்குச் சேர்த்து, தொழிலாகக் கொள்ளப் போகிறவருக்கும் கற்பிப்பதே இப்போது நடக்கிறது. சட்டப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 என்று ஆண்டுகள் மனப்பாடமாகின்றன. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, மாதிரி எடுக்கும் அலுவலர் அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, ஆலைத் தரப்பின் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும் என்கிறது. இதை ஒரு முறையாவது செய்து பார்த்த மாணவர், நாளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பக்கம் நின்றாலும் ஆலையின் பக்கம் நின்றாலும் ஏமாற மாட்டார்.

பாதுகாப்பைத் தனி அலகாக ஒதுக்கி, தலைக்கவசத்தின் படத்தோடு முடித்துவிடாதீர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஒரு தொட்டி எவ்வளவு பளுவுக்குக் கட்டப்பட்டது, அதில் இப்போது எவ்வளவு நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் இந்தத் தொழிலின் முதல் பாடமாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் அப்படித்தான். அளவு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொல்லும் அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். வாயு அளவி இல்லாமல் எவரையும் தொட்டிக்குள் இறக்க மாட்டேன் என்று மேலாளரிடம் மறுத்துச் சொல்லும் துணிவைப் பயிற்சியில்தான் ஊட்ட முடியும்.

இனி விடுதிக்கு வருகிறேன். பல கல்லூரிகளில் அங்கே உள்ள எஸ்.டி.பி.யை, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை, ஓர் ஒப்பந்த ஊழியர் பார்த்துக்கொள்கிறார். சுற்றுச்சூழல் துறை மாணவர்களுக்கு அது இருக்கும் இடம்கூடத் தெரிவதில்லை. கற்பதற்கு அதைவிட வளமான இடம் வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் துணி துவைத்தால் அன்று மாலை தொட்டியில் சோப்பு நுரை பொங்கும். உணவகத்தின் எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டியைத் துப்புரவு செய்யாமல் விட்டால் இரண்டொரு வாரத்தில் கசடு இறங்க மறுக்கும். தேர்வு விடுமுறையில் விடுதி காலியானதும் நுண்ணுயிர்கள் இரையின்றி வாடும். விடுமுறை முடிந்து எல்லோரும் ஒரே நாளில் திரும்பினால் திணறும். பாடநூல் தனித்தனி அத்தியாயமாகச் சொல்வதையெல்லாம் ஓராண்டுக்குள் அந்த ஒரு நிலையம் காட்டிவிடும். சோதனைக்கு வேண்டிய கழிவுநீர் தினமும் இலவசமாக வருகிறது.

நிலையத்தை மாணவரிடம் விட்டால் கெட்டுவிடும், வாரியத்தின் இசைவாணைக்குப் பங்கம் வரும் என்று நிர்வாகங்கள் தயங்கலாம். நியாயமான தயக்கம்தான். பொறுப்பு ஆபரேட்டரிடமும் துறைத் தலைவரிடமும் இருக்கட்டும். மாணவர் முறைவைத்து ஷிப்டில் உடனிருந்து, மாதிரி எடுத்து, அளந்து, மாற்றத்தைப் பரிந்துரைக்கட்டும். அதற்கு ஆய்வகம் ஏழு நாளும் திறந்திருக்க வேண்டும். அதைத் தொடர்ந்து ஒரு பருவம் முழுவதும் ஆலையிலோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ, தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன், இரவு ஷிப்டு உட்பட வேலை பழக வேண்டும். பெண் பிள்ளைகளை ஆய்வக மேசையோடு நிறுத்திவிடும் வழக்கத்துக்கும் முடிவு கட்டுங்கள். போக்குவரத்தையும் பாதுகாப்பையும் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை, அதைக் காரணம் காட்டி அவர்களுக்கு நிலையத்தின் கதவை அடைப்பது நியாயமன்று.

எங்கள் தரப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆலைகள் பலவற்றில் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கே மிகக் குறைந்த சம்பளம். "இன்ஜினீயரிங் படிச்சிட்டுச் சாக்கடை வேலைக்கா போற?" என்று பெற்றோர் கேட்பதில் சம்பளக் கணக்கும் உண்டு, இந்த வேலையை இன்னாருக்கென்று ஒதுக்கி வைத்த சாதிக் கணக்கும் உண்டு. இரண்டாவதை ஒரு பாடத்திட்டம் தனியே மாற்றிவிடாது. முதலாவதை ஓரளவு மாற்றலாம். வந்த முதல் மாதத்திலேயே மின்கட்டணத்தையும் ரசாயனச் செலவையும் குறைத்துக் காட்டும் இளைஞருக்கு முதலாளி சம்பளம் பேச மறுப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டம், 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களைக் கல்வித் தகுதி பாராமல் வகுப்பறைக்கு அழைக்க இடம் தருகிறது. அந்த வாசல் பெரிய நிறுவனங்களின் அதிகாரிகளுக்கு மட்டுமானதாகிவிட வேண்டாம். அடுத்த முறை பாடத்திட்டக் குழு கூடும்போது திருப்பூரிலிருந்து ஒரு ஷிப்ட் பொறுப்பாளரையும் வாணியம்பாடியிலிருந்து ஓர் ஆபரேட்டரையும் அழைத்து, செய்முறைத் தேர்வில் எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பயணப்படியோடு அன்றைய ஷிப்டுக்கு விடுப்பும் வேண்டியிருக்கும்; அதற்கான கடிதத்தைக் குழுவின் பெயரில் ஆலை நிர்வாகத்துக்கு நீங்களே அனுப்பிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் பொறியாளர் ஒருவர்